கையெழுத்துப் போட ஆளில்லாத சொல்

போரை எல்லைக்கு அப்பாலும் கொண்டுபோகப் போவதாகத் தலைவர் அறிவித்ததும் அவையே அதிரக் கைதட்டினார்கள். அதைச் சுருக்கெழுத்தில் எழுத ஒரே ஒரு கோடு போதும். பத்தொன்பது வருஷமாக அவைக் குறிப்பு எடுப்பவள் அந்தக் கோட்டை இழுத்தாள். இருபது வயது நிரம்பியவர்கள் விடிந்ததும் ரயிலேறி முகாமுக்கு வர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. அவள் மகனுக்குப் போன மாதம்தான் இருபது முடிந்திருந்தது.

ஆளுங்கட்சி எழுந்து நின்று தட்டியது. துரோகிப் பட்டம் வந்துவிடுமோ என்று பயந்து எதிர்க்கட்சி ஒரு நிமிஷம் கூடுதலாகத் தட்டியது. சமாதானத்துக்கென்றே கட்சி நடத்துகிறவர் 'கனத்த மனத்துடன்' ஆதரித்தார். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் மேசையைத் தட்டினார். சபாநாயகர் சம்மதம் கேட்டார். "ஆம்" என்று இடி இடித்தது. இடி ஓய்ந்த இடத்தில், அவசரமே இல்லாமல், ஒரு குரல் "வேண்டாம்" என்றது.

எந்த வாயும் அசையவில்லை. அவள் வழக்கப்படி எழுதினாள்: 'ஓர் உறுப்பினர்: வேண்டாம்.'

வந்தது வினை. எதிர்ப்பு ஒன்றே ஒன்று பதிவானாலும் மறுநாள் தலைகளை எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. எண்ணும்வரை ரயில் நகராது. அந்தச் சொல்லை நீக்க வேண்டுமானால், சொன்னவரே வந்து, 'நான்தான் சொன்னேன், திரும்பப் பெறுகிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்குக் குறிப்பு அச்சுக்குப் போய்விடும்.

முதலில் அமைச்சர் வந்தார். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என்னை மாதிரியே பேசறவன் எவன்மா இங்க? அழிச்சிடு."

"சொன்னவர் கையெழுத்து வேணுங்க ஐயா."

பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து எதிர்க்கட்சித் தலைவர். "நான் எப்போ இதைச் சொன்னேன்?" என்று கேட்டு, கேட்டதை உடனே விழுங்கினார். சமாதானக்காரர் மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"சொன்னது நான் இல்லம்மா. ஆனா நல்லாச் சொல்லியிருக்கேன்."

நாலரைக்குத் தலைவரே போனில் வந்தார். ரிசீவரை ஹெட்போனோடு ஒட்டிப் பிடித்துப் பதிவை ஓடவிட்டாள்.

"யாரது, என் குரல்ல?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் 'நாணல்' என்று பெயர் வாங்கிய பிரிவு அதிகாரி வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "ஏம்மா, நீயே சொன்னதா எழுதிக் குடுத்துடேன். வாய் தவறிடுச்சுன்னு போடு. வேலைதான் போகும், தலை போகாது. பையனைச் சமையல்கூடத்துல போடச் சொல்றேன். குண்டு அவ்வளவு தூரம் வராது."

"நான் வாயே திறக்கலை சார்."

"கேட்டுட்டுச் சொல்லு."

அந்தப் பதிவை அதுவரை தன் காதில் மாட்டி அவள் கேட்டதில்லை. மாட்டிக்கொண்டாள். அவள் குரலேதான். தவழ்கிற வயதில் மகன் அடுப்புப் பக்கம் போனால் அதட்டாமல் சொல்வாளே, அந்த 'வேண்டாம்'.

"என்ன, உன்னுதுதானே?"

"இல்லை சார். எனக்குச் சம்பந்தமே இல்லை."

அன்று அந்த அறையில் பெரிய மனிதர்கள் வரிசையாகப் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உருப்படியான பொய் இது ஒன்றுதான். நாணல் எந்தப் பக்கம் வளைவது என்று தெரியாமல் நின்றார். மணி ஐந்தாயிற்று. அச்சகத்து ஆள் தாள்களை வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பெட்டி கட்டிட்டேன்மா," என்றான் மகன்.

"பிரிச்சு வை. நாளைக்கு ரயில் கிடையாது. எண்ணப் போறாங்க."

"எண்ணினா மட்டும் மாறிடுமா? எல்லாரும் கையைத் தூக்கப் போறாங்க."

அவள் எதிரே, அவையின் மைக்குகளுக்கான பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பேசினால்தான் அவரவர் இருக்கைக்கான விளக்கு எரியும். அவையைப் பூட்டி ஒரு மணி நேரமாகியிருந்தது. அமைச்சரின் விளக்கு எரிந்தது. அடுத்தது எதிர்க்கட்சி வரிசையில். பிறகு ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், இருநூறு இருக்கைகளின் விளக்கும்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா. பெட்டியைப் பிரி."