தொங்கிய ஒயர்

அந்த வீட்டில் மாமியாருக்குக் ‘கலெக்டர்’ என்று பெயர். வைத்தவர் அவருடைய கணவர். வாழ்நாளில் மனிதர் காட்டிய ஒரே துணிச்சல் அதுதான். செருப்பு ஜோடி பிரியக்கூடாது, துண்டின் நுனி தொங்கக்கூடாது என்று கலெக்டரிடம் ஆயிரம் சட்டம் உண்டு. தான் செய்தது தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டதாக மட்டும் சரித்திரமே கிடையாது.

வீடோ பெரியது. கீழே ஐந்து அறை, மேலே நாலு, சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர். செல்போன் சிக்னல் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. வைஃபைக்காகக் கூடம், மாடிப்படி, மாடிக் கோடி அறை என்று மூன்று மெஷ் பெட்டிகள் வைத்தார்கள். முதல் பெட்டி இரண்டாவதற்குச் சொல்லி, அது மூன்றாவதற்குச் சொல்வதற்குள் பாதி காற்றோடு போயிற்று. கோடி அறையில் வீடியோவில் பேசுகிறவர்கள் திறந்த வாய் மூடாமல் சிலையாக நின்றார்கள்.

அது மருமகளின் அறை. அவள் கணக்கு டீச்சர். பிள்ளை பிறந்து வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. இப்போது ஓர் ஆன்லைன் பள்ளி, புதன்கிழமை பதினோரு மணிக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது. நடுவில் அறுந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். “போர்டு முன்னாடி நின்னாத்தான்டா அவ அவளா இருப்பா” என்று மகனிடம் சண்டை போட்டு ஒயர்க்காரரை வரவழைத்ததே கலெக்டர்தான்.

ஒயர்க்காரர் செவ்வாய்க்கிழமை முழுக்கச் சுவரிலிருந்த பழைய குழாய் வழியாக நீல ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் கூடத்து அலமாரியில் ஓர் எட்டு ஓட்டைப் பெட்டியில் சேர்த்தார். “இனிமே காத்துல கத்த வேண்டாம்மா, ஒயர்லயே பேசிக்கும்” என்றார். பேசியது. படம் தண்ணீராக ஓடியது. மருமகள் சிரித்ததைப் பார்த்துக் கலெக்டருக்கு வயிறு குளிர்ந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீடு முழுக்க நெட் செத்தது.

ஒயர்க்காரர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். அலமாரியைத் திறந்தார், ஒயர்கள் நாடா போட்டு அழகாகக் கட்டியிருந்தன. இவ்வளவு ஒழுங்கான இடத்தில் என்ன கோளாறு இருக்கப் போகிறது என்று சாத்திவிட்டு மாடிக்குப் போய் ஒவ்வொரு பெட்டியாக அணைத்துப் போட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

“சுவத்துக்குள்ளதான் எங்கேயோ போயிருக்கு. எல்லாத்தையும் உருவிப் பாக்கணும். மத்தியானம் ஆயிடும்.”

மணி பத்து நாற்பது. மருமகள் மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “விடுங்க அத்தை, எனக்குக் குடுத்து வெக்கல.”

கலெக்டருக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. கீழே வந்து அலமாரியைத் திறந்தார். பெட்டியின் விளக்குகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி ஒன்றாகத் துடித்தன. அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் தூசி தட்டும்போது, பெட்டியில் செருகியிருந்த ஓர் ஒயரின் மறுமுனை அநாதையாகத் தொங்கியது. பக்கத்தில் காலி ஓட்டை. பொருந்துகிறதே என்று செருகி, எல்லாவற்றையும் நாடாவால் கட்டியும் விட்டிருந்தார்.

சத்தம் போடாமல் பிடுங்கிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எல்லாம் ஒரே நீலம். போதாக்குறைக்கு நாடா வேறு. எது அந்த ஒயர் என்று அவருக்கே தெரியவில்லை. தப்பான ஒன்றைப் பிடுங்கினால் பெண்ணின் ஏழு வருஷத்தோடு விளையாடியதாகிவிடும்.

படியேறி, பாதியில் நின்று கத்தினார். “தம்பி, ஒயர உருவாதீங்க! தப்பு என்னுது. தொங்கிட்டிருந்ததை அந்தப் பெட்டியிலயே செருகிட்டேன்!”

ஒயர்க்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். “ஐயோ அம்மா! சமையக்கட்டுக்கு இன்னொரு பெட்டி வந்தா ஆகும்னு விட்டு வெச்சது அது. ஒரே ஒயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருந்தா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு வேற யாரையும் பேச விடாது.”

“எங்க வீட்டுலயும் அப்படி ஒரு ஆளு உண்டு” என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நாடாவை அறுத்து, தடவிப் பார்த்து, ஒரு முனையைப் பிடுங்கினார் ஒயர்க்காரர். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. பத்து ஐம்பத்தாறுக்கு மாடியிலிருந்து “வந்துடுச்சு!” என்று குரல் கேட்டது.

நாற்பது நிமிஷம் கலெக்டர் கோடி அறை வாசலில் காவல் நின்றார். உள்ளே பின்னக் கணக்கு ஓடியது. குரல் ஒரு தடவைகூட அறுபடவில்லை. கதவு திறந்தபோது மருமகளின் கண் கலங்கியிருந்தது.

“திங்கக்கிழமையிலேந்து வரச் சொல்லிட்டாங்க அத்தை. நீங்க மட்டும் ஒத்துக்காம இருந்திருந்தா...”

“சரி சரி, ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காத” என்றவர், அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அலமாரியைத் துடைக்கப் போனார். அந்த ஒயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. கை நமநமவென்றது. அதைத் தொங்கவிட்டே கதவைச் சாத்தினார்.