மூடுவதற்கு முன்

கல்லூரிப் பட்டறையின் சுவரில் ஒரே ஒரு விதிதான் எழுதியிருந்தது: மூடுவதற்கு முன் காட்டு.

மோதி நசுங்கிய கார்களைத் திருத்தக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. வகுப்பை நடத்திய கெவின் முதல் நாளே விளக்கம் சொல்லிவிட்டார். "நீங்கள் செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசியை யாரும் பார்க்கமாட்டார்கள். வெளியே தெரிவது பெயின்ற் மட்டும்தான். உள்ளே இருப்பதை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளையைப் பின் சீற்றில் ஏற்றுகிறாள்." ஆகவே இரண்டு தகடுகளை வெல்டிங் செய்தபின், அதன்மேல் பூச்சுப் போடுவதற்கு முன், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, இங்கே எதற்காக வந்தீர்கள் என்று எழுதச் சொன்னார். வங்கியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த சென்னைக்காரர் ஸ்ரீனிவாஸ், சொந்த கராஜ் என்று எழுதினார். முப்பத்தொன்பது வயதுப் பிறேமினி, அண்ணையோடு வேலை செய்ய என்று எழுதினாள்.

அவளுடைய அண்ணன் பெனடிக்ற் லண்டனின் வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்தின் கீழ் ஒரு கராஜ் வைத்திருந்தான். கணவன் கிருசாந்தன் இறந்த பிறகு அவளுக்கென்று லண்டனில் இருந்த ஒரே ரத்த உறவு. "நீ படிச்சிட்டு வா பிள்ளை. ரெண்டு பேற்ற பேரிலயும் போர்ட் போடுவம்" என்று சொல்லி அவளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

ஆறாவது வாரம், வெல்டிங்கை உடைத்துப் பார்க்கும் சோதனை வந்தது. புள்ளி புள்ளியாக ஒட்டிய தகடுகளை இடுக்கியில் இறுக்கி, உளி வைத்துச் சுத்தியலால் அடித்துப் பிரிக்க வேண்டும். நல்ல ஒட்டு விடாது. பிரியும்போது அடித்தகட்டையே கிழித்துக்கொண்டு வரும்.

"பிறேமினி அக்கா, என்னோடதைப் பாருங்க. கோலம் போட்ட மாதிரி இல்ல?" என்றார் ஸ்ரீனிவாஸ்.

"ஓம், கோலந்தான். அழியாமல் இருந்தால் சரி."

இரண்டாவது அடியிலேயே தகடு கழன்று விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீனிவாஸும் தலையில் கைவைத்துச் சிரித்தார். அடித்தகட்டில் ஒரு கிழிசலும் இல்லை. வட்ட வட்டமாக மங்கலான தழும்புகள் மட்டும் இருந்தன. கெவின் அதை விரலால் தடவினார். "பழைய பூச்சைச் சுரண்டாமல் ஒட்டியிருக்கிறீர்கள். சூடு உள்ளே இறங்கவில்லை. பார்வைக்கு ஒட்டினது போல இருக்கும், ஆனால் ஒட்டவில்லை."

பிறேமினியின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வட்டங்களை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள்.

டூட்டிங்கில் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்தாள். கிருசாந்தனின் விபத்து விசாரணை அறிக்கை அடியில் கிடந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த லொறி ஒன்று அவனுடைய காரின் பக்கவாட்டில் மோதியது. குற்றம் லொறிக்காரனுடையது என்று நீதிமன்றம் சொன்னது. அது உண்மைதான். அறிக்கையின் படங்களை அன்று அவள் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்தாள். அவை என்ன சொல்கின்றன என்று அப்போது அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

ஏழாவது படம். இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூண் அடியோடு கழன்றிருந்தது. அடியில் ஐந்து வட்டங்கள், கிழிசல் எதுவும் இல்லாமல். கீழே ஒரு வரி: முன்னர் பழுதுபார்த்த அடையாளம் உண்டு, அதுவும் மரணத்துக்குக் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பழுதுபார்த்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம், ஒரு கடை வாசலில் பின்னோக்கி வந்த வான் வண்டி ஒன்று காரின் பக்கவாட்டை இடித்துவிட்டது. கிருசாந்தன் இன்சூரன்ஸுக்கு அறிவிக்கத்தான் போனை எடுத்தான். அவள்தான் தடுத்தாள். "எங்கட அண்ணை இருக்கேக்க பிறத்தியாரிட்ட ஏன் குடுக்கிறியள்? அவர் என்ன நினைப்பார்?" அவன் சிரித்துக்கொண்டே சாவியை அவள் கையில் வைத்தான். பெனடிக்ற் இரண்டு நாள் கூலியில்லாமல் வேலை செய்தான். அவள் மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கார் புதியது போல மினுங்கியது.

நான்கு நாள் அவள் அந்தப் படத்தை எடுப்பதும் மூடிவைப்பதுமாக இருந்தாள். போனவன் வரப்போவதில்லை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று படித்தவர்களே எழுதிவிட்டார்கள். இருக்கிற அண்ணனையும் ஏன் கொல்வது? செபமாலையைப் பிடித்தபடி இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் மாதத்துக்கொருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போனாள். பூசை முடிந்து வாசலில், எப்போதும் அங்கே வரும் பிலோமினம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "உன்ர அண்ணன் தங்கம், பிள்ளை. மோனின்ர கார் சப்பளிஞ்சு கிடந்தது, போன கிழமை எப்பிடி நிமித்தித் தந்தவன் தெரியுமே? ஒரு பவுண் காசும் வாங்கேல்லை." மகன் காரை ஸ்ரார்ட் செய்தான். பின் சீற்றில் இரண்டு பேரப்பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்தி அவளுக்குக் கையசைத்தார்கள். பிறேமினி வாய் திறப்பதற்குள் கார் போய்விட்டது. அவளிடம் அவர்களுடைய போன் நம்பர் இல்லை. நம்பர் இருந்தது அண்ணனிடம்.

ஸ்ரொக்வெல்லில் ரயில் மாறி வால்தம்ஸ்டோ போய்ச் சேரும்வரை அவள் உட்காரவில்லை.

பெனடிக்ற் கராஜில் தனியாக நின்றான். "பூசையால நேர வாறியோ? எனக்காகவும் மன்றாடினனியே?"

"அண்ணை, உதில கிடக்கிற ரெண்டு தகட்டையும் ஒட்டிக் காட்டுங்கோ. எப்பவும் செய்யிற மாதிரி."

"படிக்கிற பிள்ளை எனக்குச் சோதினை வைக்கிறா!" என்று சிரித்தபடி அவன் முகமூடியை இறக்கினான். மேலே பார்வைக்கு அழகான ஒட்டு. அவள் அதை இடுக்கியில் இறுக்கி, உளி வைத்து அடித்தாள். மூன்றாவது அடியில் தகடு கழன்று சீமெந்துத் தரையில் விழுந்தது.

"உது பழைய தகடு" என்றான். வேறு இரண்டு எடுத்து இன்னும் கவனமாக ஒட்டினான். இந்தமுறை சுத்தியலைத் தானே வாங்கி அடித்தான். அதுவும் விழுந்தது. குனிந்து எடுத்து, வட்டங்களை வெகுநேரம் பார்த்தான். பாரிஸில் விசா இல்லாமல் ஒளிந்து வேலை செய்த காலத்தில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தானாகப் பழகியவன் அவன். பன்னிரண்டு வருடத்தில் அவன் வேலையை உடைத்துப் பார்க்க ஒருவரும் இருந்ததில்லை.

"ஏன் பிறேமி இண்டைக்கு வந்தனி?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

"கிருசாந்தன்ர காரோ?"

"ஓம் அண்ணை."

"என்ர கையாலயோ?"

"அதுதான் காரணம் எண்டு அவையே உறுதியாச் சொல்லேல்லை. லொறிதான் இடிச்சது. ஆனா ஒட்டு விட்டிருக்கு அண்ணை. நான் படத்தில பாத்தனான்." அவள் கீழே விழுந்த சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தாள். "உங்களிட்டக் குடுக்கச் சொன்னது நான். அவர் இன்சூரன்ஸுக்குத்தான் அறிவிக்கப் போனவர்."

பெனடிக்ற் டயர் ஒன்றின்மேல் சரிந்து உட்கார்ந்தான். சத்தமே வராமல் அழுதான். "என்னை நீ மன்னிப்பியோ?" என்று கேட்டான்.

மன்னித்தேன் என்று சொல்ல அவள் விரும்பினாள். அந்தச் சொல் வரவில்லை. இல்லாததைச் சொல்லவும் அவளால் முடியவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று, கிரீஸ் படிந்த அவன் தலையில் கையை வைத்தாள். அந்தக் கையை எடுக்காமல் சொன்னாள்:

"அதைப் பிறகு கதைப்பம். பிலோமினம்மாவின்ர கார் இப்ப றோட்டில ஓடுது. அவவின்ர நம்பரைத் தாங்கோ."

அவன் போனை எடுத்தான். நம்பரைத் தேடி எடுத்தான். அவளே வாங்கி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மாதாவே, மாதாவே என்று அண்ணனுடைய உதடுகள் அசைவதை அவள் பார்த்தாள்.

"ஹலோ? ஆர்?"

"அம்மா, நான் பெனடிக்ற்ர தங்கச்சி. வீட்ட வந்து சேந்திட்டியளே?"

"இப்பத்தான் பிள்ளை இறங்கினம். ஏன், என்ன?"

பிறேமினி கண்களை மூடித் திறந்தாள். "அந்தக் காரை இனி எடுக்க வேண்டாம் எண்டு மகனிட்டச் சொல்லுங்கோ. அண்ணை செய்த வேலை சரியில்லை. அவரே சொல்லுறார்."

"ஐயோ, பின்னேரம் பிள்ளையளை நீச்சலுக்குக் கொண்டு போகோணுமே!"

"நான் வாறன் அம்மா. பஸ்ஸில கூட்டிக்கொண்டு போவம்."

போனை வைத்தபோது பெனடிக்ற் எழுந்து நின்றுகொண்டிருந்தான். கன்னத்தைத் துடைக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அழுக்குக் கலண்டரை எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தான். தான் திருத்திய கார்க்காரர்களின் பெயர்களை அதன் கட்டங்களில் எழுதிவைப்பது அவன் வழக்கம்.

"அடுத்தது ஹவுன்ஸ்லோவில ஜெயகௌரி அக்கா" என்றான். "போனைத் தா. இதை நான் கதைக்கிறன்."