பெட்டியில் ஒன்பது வாள்

மேஜிக் செய்கிறவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கொடுக்காமலே ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும்: புரொபசர். அவரையும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில், கடலோரமாக இருந்த ஒரு பெரிய ஓட்டலில் மூன்று வருஷமாகக் காட்சி நடத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று. மனைவியும் காலேஜ் படிக்கும் மகளும் ஊரில் இருந்தார்கள்.

அவரோடு மேடையேறுகிறவள் குருவி. எந்தப் பெட்டிக்குள்ளும் மடங்கி உட்கார்ந்துவிடுவாள் என்பதால் அவர் வைத்த பேர் அது. ஊரில் அவருடைய தெருவையே சேர்ந்தவள். புருஷன் விட்டுப் போனபின் மகனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். கிளம்பிய அன்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள்.

"எங்கூடப் பொறந்த தங்கச்சி மாதிரிம்மா. நீங்க நிம்மதியா இருங்க" என்றார் அவர். மனசறிந்துதான் சொன்னார்.

மூன்றாம் வருஷம் அக்கம்பக்கத்து நாடுகள் இரண்டு மோதிக்கொண்டன. ஏவுகணைகள் தலைக்கு மேலே போய் வந்தன. விமானங்கள் நின்றுபோய், வந்த விருந்தாளிகள் ஓட்டலிலேயே அடைந்து கிடந்தார்கள். பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள், காட்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று மேனேஜர் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

அவர்களுடைய பெரிய ஐட்டம் வாள் பெட்டி. குருவி உள்ளே சுருண்டதும் மூடியைப் பூட்டிவிட்டு, பக்கவாட்டு ஓட்டைகளில் பன்னிரண்டு வாள்களை வரிசையாகச் செருக வேண்டும். எது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கேற்ப உடம்பை வளைத்துக்கொள்வாள். பாதி வாள்கள் உள்ளே போனபிறகு அவளால் அசையக்கூட முடியாது. கடைசியில் செருகியதிலிருந்து ஒவ்வொன்றாக அவர் உருவினால்தான் வெளியே வரலாம்.

புதன்கிழமை மூன்று மணிக் காட்சி. ஒன்பது வாள் செருகியாகிவிட்டது, பத்தாவது கையில். அப்போது அரங்கில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின. வெளியே சைரன். எங்கேயோ 'டமார்' என்று விழுந்து, ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

அடுத்து அவருக்கு நினைவிருப்பது படிக்கட்டு. யாரோ ஒருவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு இறங்கியது நினைவிருக்கிறது.

ஓட்டலுக்கு அடியில் கார் நிறுத்தும் இடத்தில் எல்லாரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜிகினாக் கோட்டு போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். காட்சியில் முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், அம்மா மடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டது: "பெட்டிக்குள்ள இருந்த அக்கா எங்க?"

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த அக்காவா? மாயமா மறைஞ்சிட்டாங்க. அதுதானே மேஜிக்!" என்று சொல்லி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

குழந்தை கைதட்டியது. அதன் அம்மா தட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. போகாதே என்று யாரும் தடுக்கவுமில்லை. போய்விடலாம், இதோ போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே பதினோரு நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஆபத்து நீங்கியதாக அறிவித்தபின் மேலே ஓடினார். குருவி மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். லைட் போடுகிறவர், இவர்கள் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாத மனுஷர், அவள் முழங்கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த வாளை முதலில் எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை உருவியதில் கொஞ்சம் கீறிவிட்டிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?" என்றாள் குருவி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை விசாரிப்பது போல இருந்தது அந்தக் குரல்.

மறுநாள் காலையில் அவள் அம்மா போன் செய்தாள்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும். சத்தம் கேட்டதும் வாளையெல்லாம் உருவிப் போட்டுட்டு எம்பொண்ணைத் தூக்கிட்டு ஓடினீங்களாமே! எல்லாம் சொன்னா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா…"

"இதுல என்ன தம்பி அடக்கம்!"

போனை வைத்ததும் குருவியைத் தேடிப் போனார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "உங்க மானத்தைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொல்லலைண்ணே. நடந்ததைச் சொன்னா, நாளைக்கே கிளம்பி வான்னு அம்மா நிப்பாங்க. எனக்கு இந்த வேலை வேணும்."

அதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. "எல்லாரும் உங்களைப் பத்தித்தாங்க பேசுறாங்க. பாப்பா அவ பிரெண்ட்ஸ்கிட்டல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுறா" என்றாள் மனைவி. அவள் குரல் அவ்வளவு பூரித்து அவர் கேட்டதில்லை. இரண்டு நாள் தள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார், குழந்தையிடம் சொன்ன பொய் உட்பட.

முழுக்கக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. தினமும் அவங்க முகத்துல முழிக்கிறது நான்."

சொன்னார். குருவியின் அம்மா அழவுமில்லை, திட்டவுமில்லை. "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே குருவி அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"மனசு தாங்கலம்மா…"

"உங்க மனசு லேசாகணும்னு எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. ஊருக்கு வந்துடுன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. எம்பையன் போன்ல ஒரே அழுகை. ஒருத்தர்கிட்டக்கூட நான் உங்களை விட்டுக் கொடுக்கலையேண்ணே."

புரொபசருக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடியது பயத்தில், அதையாவது ஒரு நாள் தனக்குத்தானே மன்னித்துக்கொள்ளலாம். இது பயத்தில் செய்ததல்ல. நல்லவனாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது.

இரண்டு வாரம் கழித்து விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. மகள் அதுவரை அவரோடு போனில் பேச வரவில்லை. பரீட்சை என்றாள் மனைவி.

குருவி கிளம்பிய அன்று, வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்காமல், அவள் துணிப்பெட்டியை ஓட்டல் வாசல்வரை அவரே தூக்கி வந்தார். மனைவியிடம் சொல்லியாகிவிட்டது, அவள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. இவளிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

"உன்னை விட்டுட்டு ஓடிட்டேன் குருவி. என்னை மன்னிச்சிடும்மா."

"தெரியும்ணே. நான் உள்ளேதானே இருந்தேன்" என்றாள் அவள்.

ஏர்போர்ட் பஸ் வந்தது. அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினாள். கூட்டத்தில் சீட்டுத் தேடி உள்ளே போனவள் ஜன்னல் பக்கம் வரவேயில்லை. பஸ் திரும்பி மறைந்தபிறகும் அவர் கொஞ்ச நேரம் நின்றார். காவலாளி வந்து, வண்டிகள் வரும் வழி இது, ஓரமாக நில்லுங்கள் என்றார்.