பார்க்க வந்தவர்களின் கப்பல்

எல்லிஸ் தீவுகளில் ஒன்றான நானுமேயாவில் அன்றைக்குக் கோழிகளுக்குக்கூட நிம்மதியில்லை. பசிபிக் கடலில் தான் ஒன்றாகச் சேர்த்து ஆளும் கில்பர்ட் தீவுகளை விட்டு எல்லிஸ் தீவுகள் பிரியலாமா என்று வெள்ளைக்காரன் ஓட்டு வைத்திருந்தான். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஐ.நா. சபையிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கியிருந்தார்கள். கழுத்து தெரியாமல் பூமாலை போட்டு, கூட்ட மண்டபத்தில் விருந்துக்கு உட்கார வைத்தாயிற்று.

பரிமாற வந்த சுனேமாவின் கண்ணெல்லாம் அவர்களுடைய கப்பல் மேல்தான். அது நேராகக் கில்பர்ட் தீவுகளில் இருக்கும் தாராவாவுக்குத் திரும்புகிறது. அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கிறான் அவள் புருஷன் பெரேத்தி, கில்பர்ட்காரன். பிரசவத்துக்கு வந்தவள், குழந்தை தவழ ஆரம்பித்தும் போகவில்லை. கப்பல் வரும்போதெல்லாம் அப்பா கிதியோனா ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவார். புருஷனை நினைத்தால் அவளுக்கு வாயில் வைத்த கிழங்கு இறங்காது. பிரிந்தால் எல்லிஸுக்கு ஒரே ஒரு கப்பல்தான் கிடைக்கும் என்று வேறு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான்.

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம் குனிந்தாள்.

"வாத்தியாரே, நாடு ரெண்டானா என் குழந்தை எந்த நாடுன்னு இவங்களக் கேளுங்க."

வந்தவர்களில் மூத்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் அவங்க சொல்ல முடியாதாம்மா. பார்க்க மட்டும்தான் வந்திருக்காங்களாம்."

"நல்லாப் பார்த்தாங்க! மூணு தட்டு கிழங்கு காலி. சரி, கப்பல்ல எனக்கும் குழந்தைக்கும் இடமிருக்கா? அதையாவது சொல்லச் சொல்லுங்க."

பெரியவர்கள் சபையில் ஒரு பெண் வாய் திறந்ததே அதிசயம். மூத்தவர் சிரித்துவிட்டு, இடமிருக்கிறது என்று தலையாட்டினார்.

பிரிய வேண்டும் என்று தீவு முழுக்கத் தொண்டை வறளப் பேசியவர் கிதியோனா. சுனேமா ஓட்டுப் போட்டுவிட்டுக் குழந்தையோடு கரைக்கு வந்ததும் மறித்துக்கொண்டார்.

"புருஷன் பக்கம்தானே போட்ட?"

"இல்லப்பா. பிரியணும்னுதான் போட்டேன்."

"அப்புறம் எதுக்குடி போற?"

"நம்ம ஜனத்துக்குன்னு ஒரு நாடு வேணும்ப்பா. அதுக்காக அவர விட்டுட முடியுமா?"

கிதியோனா குழந்தையை வாங்கி, கன்னத்தில் மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்தார். பிறகு அவரே இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் அதைப் படகில் ஏற்றினார்.

இத்தனை மாதமாகத் தாராவா இருக்கும் வடக்கே பார்த்து அழுதவள், படகு நகர்ந்ததும் கரையைப் பார்த்து அழுதாள். அப்பா தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார். தான் ஓட்டுப் போட்ட நாட்டுக்கு இனி எப்போது வருவோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.