பதினான்கு வருஷமும் பதின்மூன்று நாளும்

ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே மொழிபெயர்ப்பு. தமிழில் பொங்கி வருகிறவர்களை ஆங்கிலத்தில் அடக்கமாக உட்காரவைக்கும் பிழைப்பு.

கோதண்டம் அண்ணன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறவர். ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பத்தாறு வயது. தன்னை நிரந்தரமாக்கச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார். தோற்றால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று சூப்பர்வைசர் முன்கூட்டியே ஆசீர்வாதம் செய்திருந்தார்.

அவர் வாக்குமூலத்தின் உயிர் ஒரே வரி: "பதினாலு வருசமா வேல செஞ்சிகினு கீறேன்."

'ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்று போட்டேன். அன்று தொடங்கினார், இன்னும் நிறுத்தவில்லை. அந்தக் 'கினு'வைக் கேட்டால் ஊரே சிரிக்கிறது. அது ஒண்டியாகச் செய்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் மூன்று ஆள் வேண்டியிருக்கிறது.

விசாரணைக்கு, மொழிபெயர்த்தவள் என்று நானும் போயிருந்தேன். கம்பெனி வக்கீல் பதினான்கு சான்றிதழ்களை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் 'வொர்க்ட்'. வேலை செய்தார், முடிந்தது, போய்விட்டார். அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விடுவார்கள், அதற்கு மறுநாள் புது ஒப்பந்தம். அந்த ஒரு நாள் புண்ணியத்தில் பதினான்கு வருஷம் பதினான்கு துண்டாகிவிடும். கான்பூரிலிருந்து வந்திருந்த மேனேஜர் தன் பங்குக்கு 'காம் கர்தா தா' என்றார். வேலை செய்வது அவர் வழக்கமாக இருந்ததாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இறந்தகாலமாகிவிட்ட மனிதர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் என்னையும் விடவில்லை. பேச்சுத் தமிழுக்குக் காலக் கணக்கு கிடையாது, படிக்காதவர்கள் முடிந்துபோனதையும் நடப்பதாகவே சொல்வார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய கம்பெனிதான் ஊர்க்காரர்கள் புகார் கொடுக்கிற குழாய் ஒழுகலைப் பற்றி எட்டு வருஷமாக 'சரிசெய்யப்பட்டு வருகிறது' என்று பதில் எழுதுகிறது. ஒழுகலுக்கு மட்டும் முடிவே இல்லாத நிகழ்காலம், பாய்லர் பார்க்கிறவருக்கு இறந்தகாலம். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அதிகாரி எழில்மொழி சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, ஒப்பந்தம் இல்லாத அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று அண்ணனைக் கேட்டார்.

"வேலைக்குத்தாம்மா போனேன். பாய்லருக்கு இன்னா லீவா கீது?"

வக்கீல் புன்னகைத்தார். அன்றைக்கு இவருடைய கேட் கார்டே செல்லாது, உள்ளே பறந்தா போனார் என்று கேட்டார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே பதின்மூன்று பார்வையாளர் சீட்டுகள். ஒப்பந்தம் இல்லாத நாளில் சூப்பர்வைசரே அவரைப் பார்வையாளர் என்று எழுதவைத்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். கம்பெனி முத்திரை, காலை ஆறுக்கு உள்ளே, இரண்டுக்கு வெளியே. வந்த காரணம் என்ற இடத்தில் வாட்ச்மேன் கையெழுத்தில் 'பாய்லர் வேலை'. பதின்மூன்றிலும் அதேதான்.

இதையெல்லாம் எதற்குப் பத்திரப்படுத்தினீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"எதுனா காணாப் போச்சின்னா என்னியத்தான புடிப்பாங்க. அதுக்கோசரம் வெச்சினு கீறேன்."

வக்கீல் வாய்தா கேட்டார். மேனேஜர் ஒவ்வொரு சீட்டாக முத்திரையைத் தடவிப் பார்த்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் விசில் அடித்திருப்பேன், இடம் சரியில்லை.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பணி தொடர்ச்சியானது, நிரந்தரம் செய்ய வேண்டும் என்று இருந்தது. கடையில் வைத்து அண்ணனுக்கு அதை இரண்டு முறை படித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்போ வர்ற வருசம் அந்த ஒரு நாளு, நானு வூட்ல இர்க்கலாமாம்மா?"