லெமுவேல் க்ராப்ட்ரீ இரண்டு பேர்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. கிழக்கு டென்னசியில் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். என் கடைவாய்ப் பற்கள் இரண்டு இங்கேதான் போயின. மூன்றாவதற்காகக் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு பத்தி படித்தேன். 1796. டென்னசி மாநிலமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜனாதிபதித் தேர்தல். சட்டசபை ஒரு காரியம் செய்தது. கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, மூன்று பேர் என்று சட்டத்திலேயே பெயர் எழுதிவிட்டது. சில கவுண்டிகளின் பெயர்க்காரர்கள் ஒன்றாகக் கூடி ஓர் எலெக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எலெக்டர் போய் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்.

(மக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? நவம்பர் மாதம். பன்றி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.)

இதுவரைதான் சரித்திரம். இனி வரும் ஊர், ஆட்கள், அவர்கள் அடித்த கூத்து எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ஹோல்ஸ்டன் ஆற்றின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல—" வேண்டாம். எல்லா ஆற்றின் மேலும் அது அப்படித்தான் கிடக்கிறது.

இரண்டாவது: "குடியரசு என்பது—" ஐயோ.

மூன்றாவது: படகுக்காரன் லெமுவேல் க்ராப்ட்ரீ துறையில் நின்று, படகை இழுக்கக் கரைக்குக் கரை கட்டிய கயிற்றுக்குப் பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒரு கடிதம் வந்தது.

இது இருக்கட்டும். நாற்பத்தொரு வயதில் அவனுக்கு வந்த முதல் கடிதம் அது. உறையில் 'லெமுவேல் க்ராப்ட்ரீ, கனவான்' என்று இருந்தது. அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். மனைவி டார்கஸ் கொழுப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படித்தாள். பிக்ஸ்பி என்ற ஊரின் கோர்ட்டு வீட்டில் கூடி எலெக்டரைத் தேர்ந்தெடுக்க, சட்டசபை அவனைப் பெயர் சொல்லி நியமித்திருந்தது.

டார்கஸ் இரண்டு தடவை படித்துவிட்டு, உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கனவான்னு போட்டிருக்கு. இது உங்களுக்கு இல்லைங்க, உங்க பெரியப்பா மகனுக்கு."

அது உண்மை. தாத்தாவின் பெயரை இரண்டு பேரன்களுக்கும் வைத்திருந்தார்கள். ஒரு லெமுவேல் கர்னலாகி, மேட்டில் செங்கல் வீடு கட்டி, ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். இன்னொரு லெமுவேல் கயிறு இழுத்தான்.

3

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் பிரைமஸ், கர்னலின் அடிமை. முதல் வரைவில் 'அவன்' என்று எழுதியிருந்தேன். அடித்தேன். லெமுவேலை உரிமையோடு 'அவன்' என்கிறேன், கர்னலுக்குப் பயந்து 'அவர்' போடுகிறேன். பிரைமஸுக்கு 'அவர்' போட வேறு காரணம் இருக்கிறது. பதினோரு வருடமாகக் கர்னலின் கடிதங்களைச் சுமக்கிறார். ஒன்றுகூட வீடு மாறியதில்லை. இந்த ஒன்று மட்டும் மாறியது.

மறுநாளே கர்னல் குதிரையில் வந்து இறங்கினார். கோபப்படவில்லை. இலந்தைப்பழம் வாங்க வந்தவர் மாதிரி (இலந்தைக்கு இங்கே எங்கே போவேன்? பெர்சிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சாவகாசமாகப் பேசினார். எலெக்டராக அவரே நிற்கிறாராம். மூன்று கவுண்டிக்கும் சேர்த்து ஒன்பது பேரில் நான்கு பேர் அவர் பக்கம், நான்கு பேர் நீதிபதி ப்ளெட்சோ பக்கம். ஒன்பதாவது அந்தக் காகிதம்.

"காகிதத்தைக் குடுத்துடு தம்பி. துறை மனுவை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

துறை மனு என்றால் லெமுவேலின் வயிறு. படகு உரிமத்தைத் தன் கரைக்கு மாற்றச் சொல்லிக் கர்னல் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார், ஜனவரியில் விசாரணை.

யோசித்துச் சொல்வதாக லெமுவேல் சொன்னான். டார்கஸுக்கு அந்தப் பதிலே பிடிக்கவில்லை.

"யோசிக்க என்ன இருக்கு? எந்த ஜனாதிபதி நம்ம படகுல ஏறப்போறாரு?"

"நீ சொல்றது சரிதான். ஆனா இதுவரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேட்டதில்ல, டார்கஸ்."

அவள் திருப்பிச் சொல்லியிருக்கலாம். பெண்களுக்கு ஓட்டு வரும்வரை, இனி ஒரு நூற்றிருபது வருடத்துக்கு, அவளை யாரும் கேட்கப்போவதில்லை. பன்றிக் குடலை அலசத்தான் போனாள்.

4

படகு நடு ஆற்றில் இருக்கும்போது இரண்டு கரைக்கும் பேச்சுக் கேட்காது. அங்கேதான் லெமுவேல் பிரைமஸிடம் கேட்டான், அந்தக் கடிதத்தை ஏன் என்னிடம் கொண்டுவந்தாய் என்று.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

லெமுவேல் கயிறு இழுப்பதை நிறுத்தினான். படகு நின்றது. பிரைமஸ் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"எலெக்டர் ஆயிட்டா கர்னல் தலைநகரு நாக்ஸ்வில்லுக்கே குடி போறதா இருக்கார். அவரு போனா நானும் போகணும். என் பொஞ்சாதி ஹெட்டி இந்தக் கரைல இன்னொரு எஜமான்கிட்ட அடிமையா இருக்கா. அவ்வளவுதாங்க."

[இங்கே லெமுவேல் என்ன நினைத்தான் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. அவனுக்கு அவ்வளவு அழகாக நினைக்க வராது. எடுத்துவிட்டேன். அவன் மறுபடி கயிற்றை இழுத்தான்.]

5

பிக்ஸ்பிக்கு அவன் காகிதத்தோடுதான் போனான். நீதிபதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, துறையையும் தலைமுழுகிவிட்டு வருவதென்று முடிவு. கோர்ட்டு வீட்டு வாசலில் நீதிபதி ப்ளெட்சோ குதிரையை விட்டு இறங்கினார், லெமுவேலை ஏற இறங்கப் பார்த்தார், கடிவாளத்தை அவன் கையில் கொடுத்து, தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர் காட்டிவிட்டுத்தான் லெமுவேலும் உள்ளே போனான்.

ஓட்டு வாய்ச்சொல்தான், எழுத்தர் எழுதிக்கொள்வார். நான்கு பேர் 'ப்ளெட்சோ' என்றார்கள். நான்கு பேர் 'லெமுவேல் க்ராப்ட்ரீ' என்றார்கள். கடைசியாக நம்மாள் எழுந்தான். ஜன்னலுக்கு வெளியே கர்னல் புகையிலை மென்றுகொண்டு நின்றார்.

"லெமுவேல் க்ராப்ட்ரீ," என்றான்.

கர்னலின் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். ஐந்துக்கு நான்கு என்று எழுத்தர் எழுதி, மை காய ஊதினார். சத்தம் அடங்கும்வரை லெமுவேல் உட்காரவில்லை.

"அது நான்தான்," என்றான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோது கூச்சல் கிளம்பியது. எழுத்தர் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தார். அதில் 'கர்னல்' என்ற சொல் இல்லை; ஓட்டுப் போட்டவர்கள் வாயிலும் வரவில்லை. தோற்ற நீதிபதிதான் முதலில் சிரித்தார். தனக்குக் கிடைக்காதது கர்னலுக்கும் கிடைக்காது என்றால் ஒரு படகுக்காரன் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. இவன்தான் எலெக்டர் என்று தீர்ப்பு மாதிரியே அறிவித்தார்.

டிசம்பரில் லெமுவேல் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு நாக்ஸ்வில் போனான், ஓட்டுப் போட்டான், வந்தான். இந்த மாநிலத்தின் மூன்று ஓட்டும் அந்த ஜனாதிபதித் தேர்தலில் தோற்றவருக்கே விழுந்தன.

6

முடிவுக்கு மூன்று வரைவு இருக்கின்றன. ஒன்றில் எல்லாரும் பன்றி வறுத்துச் சாப்பிடுகிறார்கள். இன்னொன்றில் கர்னல் திருந்துகிறார். அதைத் திரும்பப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது இது. ஊர் முழுக்கக் கர்னலைக் கண்டால் "எந்த லெமுவேல்?" என்று கேட்டது. சிறுசுகள்கூடக் கேட்டன. பொறுக்க முடியாமல் அவர் நிலத்தை விற்றார். நாக்ஸ்வில்லைவிடத் தூரமாக, மலைக்கு அப்பால் கம்பர்லாண்டுக்குப் போவதென்று முடிவு. மனு தானாகச் செத்தது. படகு லெமுவேலுக்கே நிலைத்தது.

பிப்ரவரியில் ஒரு காலை கர்னலின் வண்டிகள் துறைக்கு வந்தன. முதல் வண்டியின் கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு பிரைமஸ் நின்றார். ஹெட்டி, யாரிடமும் கேட்காமல் வந்தவள், மேட்டில் ஒரு மரத்தடியில் நின்றாள். யார் வந்தாலும் ஏற்ற வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. ஏற்றாவிட்டால் உரிமம் போய்விடும். டார்கஸ் வாசலுக்கு வந்தாள். லெமுவேல் அவளைப் பார்த்தான். அவள் அங்கேயே நின்றாள்.

கர்னல் ஏற்றச் சொல்லிக் கையசைத்தார். லெமுவேல் கயிற்றை முளையில் கட்டிவிட்டு, சேற்றில் இறங்கி, கழுதைக்கு அந்தப் பக்கமாகப் போனான்.

"பிரைமஸ், நான் என்ன செய்யணும்? நீ சொல்லு."

பிரைமஸ் பதில் சொன்னார். நிறையவே சொன்னார், லெமுவேல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பதிலை நான் எழுதப்போவதில்லை. இந்த ஆறு பகுதிகளிலும் ஒருவருக்காக இன்னொருவர் பேசியது போதும். அவர் அங்கேதான் நிற்கிறார், கழுதையைப் பிடித்துக்கொண்டு. நீங்களே போய்க் கேளுங்கள்.