சுரைக்கொடியிடம் சொன்னது

சொர்ணம் செடிகளோடு பேசுவாள். கொஞ்சுவாள் என்று நினைத்துவிடாதீர்கள், சண்டைதான். மலையாளச் சீமையில், மணக்காட்டில் அவளும் புருஷனும் வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டை மாடியில் வெண்டை, கத்தரி, பயறு என்று பைகளில் மண் நிரப்பி வளர்த்திருந்தாள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனால் ஒவ்வொரு பைக்கு முன்னாலும் நின்று ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

"ஏல வெண்ட, நேத்து காய் காட்டிட்டு இன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிடுத. சாணிய அள்ளிப் போட்டது யாரு, உங்க அப்பனா?"

அவள் புருஷன் இசக்கிமுத்துவுக்கு சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை ஒன்றில் விற்பனை வேலை. பகலெல்லாம் பெயிண்ட் நாற்றத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவனுக்கு ஒரே பொழுதுபோக்கு மிமிக்ரி. பஸ் கண்டக்டர், கடை முதலாளி, ரயில் நிலைய அறிவிப்பு எல்லாம் அவன் வாயில் வரும். ஆனால் அவனுடைய தலைசிறந்த சரக்கு சொர்ணம்தான். ராத்திரிச் சோறு முடிந்ததும் முந்தானை மாதிரி ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, அவள் வெண்டையைத் திட்டியதை அப்படியே அவளுக்கே நடித்துக் காட்டுவான். "நான் இப்படியா பேசுதேன்? இப்படியா கைய ஆட்டுதேன்?" என்று கேட்டுக்கொண்டே அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. சிரிப்புச் சத்தம் அதில் நன்றாகவே கேட்கும்.

அவள் பேசியதில் ஒன்றை மட்டும் அவன் நடித்துக் காட்டியதே இல்லை. அது அவன் காதில் விழுந்தது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சீக்கிரம் வந்தவன் மாடிப்படி ஏறும்போது, மேலே அவள் சுரைக்கொடியிடம் பேசிக்கொண்டிருந்தாள். பந்தல் நிறையப் பூத்தும் ஒரு பிஞ்சு பிடிக்காத கொடி அது. குரலில் சண்டை இல்லை. "நீயும் பூத்துப் பூத்து உதுத்துட்டுத்தான் நிக்க. நானும் அப்படித்தான். நாம ரெண்டு பேரும் யாருக்கு என்னட்டி கொற வச்சோம்?" என்றாள். இசக்கி சத்தம் காட்டாமல் கீழே இறங்கி வந்துவிட்டான். அன்றைக்கு அவன் செய்த ஒரே நல்ல காரியம், அதை மறந்துவிட்ட மாதிரி இருந்துகொண்டதுதான்.

மறக்கவில்லை. ஓணத்தன்று அது தெரிந்தது.

அவர்கள் சந்தின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் அந்த வருஷம் ஓணத்தைப் பெரிதாக வைத்தது. காலையில் அத்தப்பூக் கோலம், பிறகு வடம்வலி என்கிற கயிறிழுப்பு, மத்தியானம் சத்யை என்கிற இலைச் சாப்பாடு, சாயங்காலம் பந்தலில் கலைநிகழ்ச்சி. பிள்ளைகளின் நடனத்துக்குப் பாட்டுப் பெட்டி மக்கர் பண்ணவும், செயலாளர் வினீத் மைக்கைக் கொண்டுவந்து இசக்கியின் கையில் திணித்தான்.

"இசக்கி அண்ணா, ஒரு பத்து மினிட். எந்தெங்கிலும், ஏதாவது காட்டு. ஆள்காரு எழுந்து போகும்."

இசக்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டக்டரைச் செய்தான், பந்தல் குலுங்கியது. முதலாளியைச் செய்தான், விசில் பறந்தது. அடுத்து தோளில் துண்டைப் போட்டான். "இனி நம்மட வீட்டு மந்திரி!" என்றான். வெண்டையோடு சண்டை. கத்தரிக்கு விசாரணை. சொர்ணம் மூன்றாம் வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் தோளில் தட்டினார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதோடு இறங்கியிருந்தால் அந்த ஓணம் அவர்கள் வாழ்க்கையிலேயே நல்ல ஓணமாக இருந்திருக்கும்.

கைத்தட்டல் பொல்லாதது. அது கொஞ்சம் குறைந்தாலும் மனுஷனுக்குப் பொறுக்காது. பயறு வரும்போது சிரிப்பு தளர்ந்தது, பின்வரிசையில் ஒருவர் போனை எடுத்தார். இசக்கி மனசுக்குள் அவசரமாகத் தேடினான். வேறொன்றும் அகப்படவில்லை. சுரைக்கொடி அகப்பட்டது.

"நீயும் பூத்துப் பூத்து உதுத்துட்டுத்தான் நிக்க..."

அவள் குரல், அவள் இழுப்பு, ஒரு அணு பிசகாமல் வந்தது. முதல் வரிக்குச் சிரித்தார்கள். இரண்டாம் வரிக்கும் சிரித்தார்கள், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். யாரோ ஒரு அம்மாள் "அய்யோ பாவம்" என்றது மைக் இல்லாமலேயே பந்தல் முழுக்கக் கேட்டது. தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. சொர்ணத்தின் கை இன்னும் முகத்தில்தான் இருந்தது. ஆனால் அது சிரிப்பை மறைத்த கை இல்லை. இசக்கி மைக்கை இறக்கினான். "அத்ரயுள்ளூ," அவ்வளவுதான் என்று உளறி இறங்கினான். பாவிப் பயல், இறங்கும்போது கும்பிடு வேறு போட்டான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அத எப்பம் கேட்டீங்க?"

"அன்னைக்கு... படியில நின்னேன்."

"கேட்டுட்டு மேல வரலையா?"

அவன் நடையை எட்டிப் போட்டான். அவள் பின்னால் வந்தாள்.

இசக்கியை அரித்தது அதுமட்டும் இல்லை. குறை சொர்ணத்திடம் இல்லை. கழக்கூட்டம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சோதனை பார்த்தபோது, டாக்டர் அவனைத்தான் தனியாக உட்காரவைத்துச் சொன்னார், பஸ்ஸில் வரும்போது அவன் அதைச் சொர்ணத்திடம் சொல்லியிருந்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மா போனில் கேட்டாள், என்ன சொன்னாங்க என்று. அவன் வாயைத் திறக்குமுன் சொர்ணம் போனை வாங்கி, "எனக்குத்தான் அத்த கொஞ்சம் கோளாறு. மருந்து தந்துருக்காங்க," என்று சொல்லிவிட்டாள். அவன் தடுக்கவில்லை. பிறகும் திருத்தவில்லை. அன்றிலிருந்து அம்மா அவளிடம் காட்டிய முகத்தை அவன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான். அவனுக்காகப் பழியைச் சுமந்தவளை மேடையில் ஏற்றி அவனே காட்டிக்கொடுத்தான், நாலு பேர் கைதட்டுவதற்காக. கடையில் வாடிக்கையாளர் வெள்ளை கேட்டால் மஞ்சளை எடுத்து நீட்டினான்.

வீட்டில் சொர்ணம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு மாடிக்குப் போனாள். படியில் நின்று காதைக் கொடுத்தால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வெண்டையும் திட்டு வாங்கவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவன் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு முதலாளியின் குரலில் ஏதோ பேசிப் பார்த்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சந்தில் எல்லோருக்கும் திடீரென்று சொர்ணத்தின் மேல் பாசம் பொங்கியது. ஒருத்தி டாக்டர் பெயர் சொன்னாள், இன்னொருத்தி லேகியம் சொன்னாள். பால் வாங்கப் போனால்கூட "ஒன்னும் ஆயில்லே?" என்று விசேஷம் விசாரித்தார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான். நல்ல மனசிடமிருந்து தப்பிக்க வழி ஏது? அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சுசீலாபாய் சேச்சி வந்தாள். அசோசியேஷன் பெண்கள் பிரிவுக்குத் தலைவி, ரிட்டயர் ஆன டீச்சர். கோயிலில் பூஜித்த வெண்ணெயை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். சொர்ணம் காப்பி கொடுத்தாள். இசக்கி உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் தேடுகிற மாதிரி நின்றிருந்தான். வெளியே வர முகம் இல்லை.

"மோளே, இதை வெறும் வயித்துல திங்கணும். என் அனியத்திக்கு, தங்கச்சிக்கு, இதுலதான் பிள்ள கிட்டியது," என்றாள் சுசீலாபாய். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அந்தத் தாழ்த்தலும் அறைக்குள் நன்றாகக் கேட்டது. "நீ பாக்யவதியாக்கும். வேற ஆணு ஆயிருந்தா எப்பவோ வேற கல்யாணம் நோக்கியிருப்பான். இசக்கி ஒரு வார்த்த சொல்லாம உன்னைப் பொன்னு போல வச்சிருக்கான் இல்லே? அவனைப்போல ஒருத்தன் கிட்டாது."

சொர்ணத்தின் பதிலுக்காக இசக்கி காத்திருந்தான். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தான். சொல்லிவிட்டால் தனக்கு எவ்வளவு சுலபம் என்றும் நினைத்தான். அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆமா சேச்சி," என்றாள் சொர்ணம்.

இசக்கி வெளியே வந்தான்.

"சேச்சி, கொற அவளுக்கு இல்ல. எனக்காக்கும்."

சுசீலாபாய் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "கண்டோ! இவன்றெ ஒரு நடிப்பு! பொண்டாட்டிய ரக்ஷிக்க வந்துட்டான்!"

"நடிப்பு இல்ல சேச்சி. டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. இவ எனக்காகப் பொய் சொன்னா, நான் அத அப்படியே விட்டுட்டேன்."

"டாக்டர் குரலும் காட்டுவியோ? அதும் காட்டு!" காப்பி தளும்பிச் சேலையிலும் தரையிலும் சிந்தியது, அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை குரலும் வருகிறவனுக்கு, அவன் சொந்தக் குரலை நம்ப ஒரு ஆள் இல்லை. அவன் மூன்றாம் முறையும் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான். சுசீலாபாய் அதற்கும் சிரித்தபடியே, என்ன பெருமை பார் என்பது போலச் சொர்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

சொர்ணம் சிரிக்கவில்லை. "நெசந்தான் சேச்சி," என்றாள்.

சிரிப்பு நின்றது. சுசீலாபாய் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள், குடையை எடுத்துக்கொண்டாள், இசக்கியின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள். கேட் சாத்தும் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"சொல்லிட்டேன் சொர்ணம்," என்றான் இசக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. பாரம் கொஞ்சம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

சொர்ணம் தரையில் சிந்தியிருந்த காப்பியைத் துணியால் ஒற்றி எடுத்தாள். நிமிராமலே பேசினாள்.

"ஒரு ஆளுகிட்ட சொல்லிட்டீங்க. அன்னைக்கு அம்புட்டுப் பேரும் இருந்தாங்கல்லா. மைக்கும் உங்க கையிலதான் இருந்துச்சு."